அவன் குடிக்காத நாள்

தம்பியின் சாட்சி சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். அவன் மைக்கைக் கையில் வாங்கும்போதே முன்வரிசை அம்மாமார்கள் கைக்குட்டையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். எந்த இடத்தில் கண்ணைத் துடைக்க வேண்டும், எந்த இடத்தில் 'ஸ்தோத்திரம்' சொல்ல வேண்டும், எந்த இடத்தில் சிணுங்குகிற பிள்ளையை அதட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சபையில் அவனுக்குப் பெயரே 'சாட்சித்தம்பி' என்று ஆகிவிட்டது.

அக்கா கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காருவாள். பக்திக்குக் குறைச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாரம் முழுக்க நின்றே வேலை பார்க்கிற கால் அது, ஞாயிற்றுக்கிழமையானால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். பின்னால் உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளலாம். சபை கூடுகிற இடம் ஒரு மெத்தைக் கடையின் மாடி. அந்தப் படிகளை ஏறி வருவதற்குள்ளேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விடும்.

அவளுக்கும் சபையில் ஒரு பட்டப்பெயர் உண்டு, நர்ஸக்கா. அவள் நர்ஸே இல்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் மூட்டை கட்டி, நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்கி எடுக்கிற பிரிவில் வேலை. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரி என்றால் ஒன்று டாக்டர், இல்லாவிட்டால் நர்ஸ், நடுவில் மனுஷர்களே கிடையாது என்பது சபையின் தீர்மானம். சரி, என்னமோ கூப்பிட்டுத் தொலையுங்கள் என்று விட்டுவிட்டாள்.

சாட்சிக்கு வருவோம். அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது மகன் எங்கேயோ குடித்துவிட்டுக் கிடந்தான், கூப்பிட்டபோது எழுந்து வரவில்லை, அப்பா போய்விட்டார், அந்த மகனைத் தேவன் தூக்கி நிறுத்தினார். இதுதான் சாரம். ஆரம்பத்தில் அவன் இதைத் தலையைக் குனிந்துகொண்டு நாலு வரியில் சொல்லி முடித்துவிடுவான். கேட்கிறவர்கள் அழ அழ அது வளர்ந்தது. முதலில் ஒரு பாட்டில் இருந்தது, அப்புறம் இரண்டாயிற்று. தலைமாட்டில் போன் அடிக்க அடிக்கக் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தடவினதாக ஒரு காட்சி வந்தது. போன வருஷம் ஒரு நாயும் வந்து சேர்ந்துகொண்டது. அந்த நாய் அவன் முகத்தை நக்கி எழுப்பப் பார்த்ததாம். "நாய்க்கு இருந்த பாசம் எனக்கு இல்லையே" என்று அவன் குரல் உடைகிற இடத்தில் ஆண்பிள்ளைகள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள். எந்த நாய் என்று அக்காவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாய் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். கதை சொல்லுகிற வாய் கொஞ்சம் கூடத்தான் சொல்லும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது வேறு. அவளையும் அவனையும் தவிர உயிரோடு இருக்கிற யாருக்கும் தெரியாதது. அப்பா செத்த அன்றைக்குத் தம்பி ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

அவன் குடிப்பான் என்பது உண்மைதான். அப்போது ரொட்டிக் கம்பெனி ஒன்றின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். பகலில் ஒழுங்காக ஓட்டுவான், பொழுது சாய்ந்தால் குடிப்பான். அந்தச் சமயத்தில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசி எல்லாம் கூடிவந்தது. அவனுக்கும் அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அப்பா ஒரு தையல்காரர். துணியில் நூல் பிசகினாலும் பொறுக்க மாட்டார், பேச்சில் பிசகினாலும் பொறுக்க மாட்டார். பெண்வீட்டார் கிளம்புகிற நேரம் வாசல்வரை கூடவே போய், "என் பையன் சாயங்காலமானா குடிப்பான். பின்னாடி தெரிஞ்சு என்னைத் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அந்தப் பேச்சு என்ன ஆகும்? அத்தோடு முறிந்தது. அதிலிருந்து அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதே வாரம்தான் அது நடந்தது. அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். மத்தியானம் அக்காவுக்கு வேலையிடத்தில் போன் வந்தது. மூச்சு முட்டுதும்மா என்றார் அப்பா. அவள் உடனே தம்பியைக் கூப்பிட்டாள். தெருமுனையில்தான் வண்டியோடு நிற்கிறேன் என்றான். குரல் தெளிவாக இருந்தது. அப்பாவுக்கு முடியலையாம், உடனே போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா என்றாள். சரி, போறேன் என்றான். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று பார்த்தாள். வண்டி வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மனசு அடித்துக்கொள்ள, கூட வேலை பார்க்கிற ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தெருவில் திரும்பும்போதே ரொட்டி வேன் கண்ணில் பட்டது. சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் வீட்டு வாசல் நேராகத் தெரியும். அவளைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினான்.

பைக்காரர் அவளை இறக்கிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். அக்காவும் தம்பியுமாக அப்பாவைத் தூக்கினார்கள். அவர் தலைப்பக்கம் இருவர் முகமும் அருகருகே இருந்தது. அவன் மூச்சு அவள்மேல் பட்டது. ரொட்டி வாசனையைத் தவிர வேறு எந்த வாடையும் இல்லை. ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே அப்பாவைக் கிடத்தி, தலையை அவள் மடியில் வைத்துக்கொள்ள, அவன் ஓட்டினான். கொஞ்சமும் தடுமாறாமல் நன்றாகத்தான் ஓட்டினான்.

கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த வார்த்தையை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். தன்னிடம் சொல்லும்போதுதான் அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. தலைதெறிக்க ஓடிவந்த அம்மா, நடைபாதையில் வைத்துக் கேட்டது ஒரே கேள்வி. தெருமுனையிலதானே நிப்பான், தம்பி எங்கே போயிருந்தான்? அவன் பக்கத்தில்தான் நின்றான், வாயைத் திறக்கவில்லை. அக்கா திறந்தாள். குடிச்சுட்டுக் கிடந்தாம்மா என்றாள்.

யோசித்துச் சொன்னதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், வாயில் வந்துவிட்டது. குடிகாரப் பிள்ளையை அடிக்கலாம், திட்டலாம், அப்புறம் சோறும் போடலாம். தெளிவான கண்ணோடு வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த பிள்ளையை ஒரு தாய் என்ன செய்வாள்? அம்மா அவன் நெஞ்சில் மாறி மாறி அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டே அம்மாவின் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது.

பிறகு அவன் நிஜமாகவே விடிந்ததும் குடிக்க ஆரம்பித்தான். வேலை போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சபைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். வந்த இடத்தில் மண்டியிட்டு அழுதான், எழுந்தபோது குடியை விட்டிருந்தான். அது பொய்யில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அன்றிலிருந்து தொடவில்லை. கல்யாணம் ஆயிற்று, ஒரு மகள் இருக்கிறாள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அம்மா சாகக் கிடந்தபோது அவன் தலையில் கையை வைத்து, குடிபோதையில என் பிள்ளைக்கு என்னடா தெரிஞ்சிருக்கும், நான் மன்னிச்சுட்டேன் என்றாள். மருந்துக் கிண்ணத்தைப் பிடித்தபடி அக்கா பக்கத்தில் நின்றாள். நடக்காத ஒரு பாவத்தை மன்னித்துவிட்டு அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாள். நடந்தது அப்படியே கிடந்தது.

இப்படியே காலம் ஓடியிருக்கும், பாஸ்டர் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருந்திருந்தால்.

சபையார் ஒருவரைப் பார்க்க வார்டுக்கு வந்தவர், அப்படியே அவளையும் தேடிக்கொண்டு வந்துவிட்டார். அவள் பிரிவுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. கருவி மூட்டைகளை வெளியே கொடுக்கிற சின்ன ஜன்னல் ஒன்று உண்டு, அதன் வழியாகத்தான் பேச்சு. தலையில் தொப்பியும் முகத்தில் துணியுமாக இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் பையும் குடையுமாக அவர். நல்ல மனுஷர். யார் வீட்டில் என்ன என்றாலும் நடந்தே போய் நிற்பார், செருப்பு தேய்ந்து காகிதமாகியிருக்கும். ஆனால் எதைப் பார்த்தாலும் பிரசங்கமாக்கிவிடுவார், அது ஒன்றுதான் குறை. மூட்டைமேல் ஒட்டியிருந்த நாடாவைக் காட்டி, இது என்னம்மா கறுப்புக் கோடு என்றார். சூடு பட்டால் கோடு விழும் என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மனந்திரும்பினவனுக்கும் அப்படித்தாம்மா, வெளியே அடையாளம் தெரியும் என்றார். வெளியே கோடு விழுந்தால் மூட்டை சூட்டில் இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம், உள்ளே சுத்தமாயிற்றா என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். அசதி. விட்டுவிட்டாள்.

அவர் வந்த விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு தம்பியைச் சபையை நடத்துகிற மூப்பர்களில் ஒருவனாக ஏற்படுத்தப் போகிறார்கள். அவன் சாட்சி சொல்லி முடித்ததும் அக்கா மேலே வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குடும்பத்தில் மிச்சமிருக்கிறது அவள் ஒருத்திதானே.

"தம்பி கேக்கச் சொன்னானா பாஸ்டர்?" என்றாள்.

"அவர் கேட்டாத்தான் மன்னிக்கணுமாம்மா? நம்ம மனசுல கசப்பு இல்லாம இருக்கணும், அதுதானே முக்கியம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கசப்பு உன் ஆத்துமாவுக்குத்தான் கேடு என்று பரிவாகச் சொல்லிவிட்டு அவர் போனார். கசப்பாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டியில் வீசினாள். மன்னிக்க அவள் முயலவில்லையா என்ன? எத்தனை காலமாக முழங்காலில் நின்று 'தம்பியை மன்னிக்கிறேன் ஆண்டவரே' என்று சொல்லியிருக்கிறாள். சொன்ன உடனே 'எதை?' என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி வரும். குடித்ததையா? அது நடக்கவே இல்லையே. வேனில் உட்கார்ந்திருந்ததையா? அதை அவன் செய்ததாக யாருமே சொல்லவில்லையே, அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஜெபம் அங்கேயே பாதியில் நின்றுவிடும். எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்ப்பாள்.

இப்போது மேடையேறி மன்னித்தேன் என்றால், அப்பமும் திராட்சை ரசமும் வைத்த திருவிருந்து மேசைக்கு முன்னால் நின்று இரண்டாவது தடவை அதே பொய்யைச் சொன்னதாக ஆகும். மாட்டேன் என்றால் தம்பியை அத்தனை பேர் நடுவில் காட்டிக்கொடுத்ததாக ஆகும். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். சீட்டுகளில் பிள்ளைகள் ஒட்டிவைத்த சூயிங்கத்தை ஒரு பழைய கத்தியால் சுரண்டியபடி, அக்கா வா வா என்று சந்தோஷமாகத்தான் கூப்பிட்டான். வீட்டுக்குள்ளிருந்து அவன் பெண்டாட்டி எட்டிப் பார்த்து, டீ போடுகிறேன் அண்ணி என்றாள். வேண்டாம் என்று சொல்லக்கூட அக்காவுக்குத் தெம்பில்லை. பாஸ்டர் பேசினாராமே என்று அவனே ஆரம்பித்தான்.

"நாளைக்கு மைக்கைக் குடுத்தா நான் என்னடா சொல்லணும்?"

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை. வேற என்ன?"

"எதை?"

அவன் கை நின்றது. பிறகு மேடைக் குரல் வந்துவிட்டது. கர்த்தர் என் பாவத்தையெல்லாம் கடலுக்கு அடியில் போட்டுவிட்டார், நீ எதுக்குக்கா தூண்டிலைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே என்றான். சபையில் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

"நீ குடிச்சதைத்தானேடா அங்கே போட்டே. இன்னொன்னை நீ இன்னும் கையிலேர்ந்து விடவே இல்லையே."

அவன் முகம் கறுத்தது. வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "குடிச்சிருந்தான்னு யாரு சொன்னது? நானா சொன்னேன்? அம்மாகிட்ட நீதானே சொன்னே. நீ குடுத்ததை நான் புடிச்சுக்கிட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு வந்து எதைங்கறே."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வேனின் படியில் மெல்ல உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தது என்ன? தம்பிக்காகவும் அம்மாவுக்காகவும் ஒரு பாரத்தைத் தான் ஒருத்தி சுமக்கிறோம், அவன் சுகமாகச் சாட்சி சொல்லித் திரிகிறான் என்று. அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு அம்மா கேட்டபோது அவனைப் பேசவிட்டிருக்கலாம். அம்மா சபித்திருப்பாள், வீட்டைவிட்டே துரத்தியிருப்பாள். ஆனால் அப்புறம் என்றைக்காவது மன்னித்திருந்தால், அந்த மன்னிப்பு இவனுக்கு வந்து சேர்ந்திருக்கும். அவள் முந்திக்கொண்டாள். அம்மாவின் மன்னிப்பு எங்கேயோ போதையில் கிடந்த யாரோ ஒருவனுக்குப் போய்விட்டது, இவனுக்கு வரவே இல்லை.

"ஆமாடா, நான்தான் சொன்னேன்" என்றாள். "அம்மாவுக்காகச் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்காகவும்தான். அந்த ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் என்னைத் தெரியும். பெத்த அப்பனைச் சாக விட்டவனோட அக்கான்னு நிக்கறதைவிட, குடிகாரனோட அக்கான்னு நிக்கறது லேசா இருந்துச்சு. தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு."

அவன் துணியைப் பிழிந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். டீ வந்தது, அக்கா குடித்துவிட்டுக் கிளம்பினாள். தெரு திரும்பும்வரை அவன் கூப்பிடவில்லை.

மன்னிப்புக் கேட்டால் மனசு பஞ்சாகிவிடும் என்பார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை, கால்தான் வலித்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றபோது வழக்கமான கேள்வி வரவில்லை. அன்றைக்கு அவள் தம்பியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் பொய் சொன்னேன், அதை இத்தனை காலம் நல்ல காரியம்போலப் பொத்தி வைத்திருந்தேன் என்று தன்னைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் வேறு பேச ஒன்றும் இல்லை. பேசாமலே கொஞ்ச நேரம் ஆண்டவர் முன்னால் இருக்க முடிந்தது. அப்படி இருந்து வெகு காலமாயிற்று என்று தோன்றியபோது அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மெத்தைக் கடை மாடி நிரம்பி வழிந்தது. முன்னால் வெள்ளைத் துணி மூடின மேசையில் அப்பமும் திராட்சை ரசமும் இருந்தன. பாட்டு முடிந்து, பிரசங்கம் முடிந்து, தம்பி மைக்கை வாங்கினான். புதுச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. பாஸ்டர் கையை அசைக்க, அக்காவும் எழுந்து போய் மேடைக்குக் கீழே ஓரமாக நின்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. மன்னித்தேன் என்று சொல்ல மாட்டாள், அது மட்டும் தெரியும்.

அவன் வழக்கம்போல ஆரம்பித்தான். எங்கப்பா ஒரு தையல்காரர் என்றான். நேர்மையான மனுஷர் என்றான். அன்னிக்கு மத்தியானம் அவருக்கு மூச்சு முட்டியது என்றான். முன்வரிசையில் கைக்குட்டைகள் எழும்பின. அடுத்தது பாட்டில் வர வேண்டும். வரவில்லை. மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. சரி, அழுகிறான் என்று நினைத்து யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

"அன்னிக்கு நான் குடிக்கலை" என்றான் தம்பி.

யாருக்கும் புரியவில்லை. அவன் மேலே பார்க்காமல், மைக்கின் வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அக்கா போன் பண்ணினப்ப நான் தெளிவாத்தான் இருந்தேன். வண்டியும் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டு வாசல் எனக்கு நேரா தெரிஞ்சுது. எனக்கு வந்த கல்யாணத்தைக் கெடுத்தார்ங்கற ஆத்திரம்.

"கொஞ்ச நேரம் கிடக்கட்டும்னு நினைச்சேன்" என்றான். "சாகட்டும்னு நினைக்கலை. ஆனா கிடக்கட்டும்னு நினைச்சேன். எழுந்து போகலாம்னு ரெண்டு தடவை தோணுச்சு. ரெண்டு தடவையும் போகலை."

ஸ்தோத்திரம் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. குடியை எல்லாரும் அறிவார்கள், அதற்கு அழத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று சபைக்குத் தெரியவில்லை. அவன் பெண்டாட்டி மகளை மடிக்கு இழுத்து அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பாஸ்டர் பதறிப்போய், பிசாசு அப்படித்தான், குடிக்கு முன்னாலேயே மனுஷனுடைய இருதயத்தை... என்று ஏதோ பூசி மெழுகப் பார்த்தார். இல்ல பாஸ்டர், நான்தான், வேற யாரும் இல்ல என்றான் தம்பி. மூப்பர் வேலை எனக்கு வேண்டாம் என்றான். பிறகு மேடையைவிட்டு இறங்கி வந்து அக்கா முன்னால் நின்றான்.

"என்னை மன்னிச்சுடுக்கா. குடிச்சதுக்கு இல்ல. அதுக்கு."

மைக் அவள் கைக்கு வந்தது. இத்தனை காலமும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள். இதை மட்டும் அவன் கேட்டுவிட்டால் போதும், அந்த நிமிஷமே மன்னித்துவிடலாம் என்று நிச்சயமாக நம்பியிருந்தாள். இப்போது கேட்டுவிட்டான். தேடிப் பார்த்தால் உள்ளே மன்னிப்பு இல்லை. அப்பா நாற்காலியில் வாயைத் திறந்தபடி சரிந்திருந்தது தெரிந்தது. கிடக்கட்டும் என்று இவன் நினைத்த அந்த நேரம் முழுக்க அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அது இன்றைக்குத்தான் நடந்தது போல இருந்தது.

"அவன் குடிச்சிருந்தான்னு முதல்ல சொன்னது நான்தான்" என்றாள் மைக்கில். "எங்கம்மாகிட்ட சொன்னேன். அந்தப் பொய் என்னோடது. நீங்க எல்லாரும் அழுதது அந்தப் பொய்க்கு. என்னை மன்னிக்கணும்." மைக்கை பாஸ்டரிடம் கொடுத்துவிட்டாள். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பாஸ்டர் மைக்கை அணைத்துக் கீழே வைத்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மனுஷரைப் பாராட்ட வேண்டும், அதற்குமேல் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. திருவிருந்துக்கு ஆயத்தப்படுவோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, துணியை விலக்கினார்.

அக்கா கடைசி வரிசைக்குத் திரும்பிவிட்டாள். தம்பி எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவன், வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அப்பத் தட்டு வரிசை வரிசையாக வந்தது. முன்பெல்லாம் தட்டு வரும்போது கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, நல்ல அழகாக வாங்குவான். இன்று தட்டு முன்னால் நின்றபோது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினான். தட்டைக் கொண்டுவந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவைப் பார்த்தார்.

அவள் தனக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். தம்பி பக்கம் திரும்பினாள். அவன் வாய் கோணிக்கொண்டு போயிருந்தது, சின்ன வயதில் அடிவாங்கினால் அப்படித்தான் ஆகும். அவளுக்கு இன்னும் அவன்மேல் கோபம்தான். அந்தக் கோபத்தோடேயே மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு நாளாகும்டா. இன்னிக்கு என்னால முடியலை. ஆண்டவர் என்னை மாதிரி இல்ல. வாங்கிக்கோ."

அவன் கையை வெளியே எடுத்தான். கை விளிம்பில் இடித்துத் தட்டு ஆடியது. அக்கா ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டாள், அவன் எடுக்கும்வரை.